ஆறு மில்லிமீட்டர்

மருந்துக்கு மசியாத கிருமிகள் ஒரு திங்கட்கிழமை காலை பதினொன்றரை மணிக்கு ஒழிந்தன. அரசாணை அந்நேரத்துக்குத்தான் வந்தது. பத்தரைக்கு இருந்த அதே கிருமிகள் பன்னிரண்டரைக்கும் இருந்தன என்பது வேறு விஷயம். அதை எடுத்துச் சொல்லக் கிருமிகளுக்கு வாயில்லை. வாயிருந்தவர்கள் லட்டு தின்றுகொண்டிருந்தார்கள்.

லட்டுத் தட்டோடு மேஜை மேஜையாக வந்தவர் அட்டெண்டர் மாசானம். வலது கையில் தட்டு. இடது கை வழக்கம்போலப் பேண்ட் பைக்குள். ஒன்பது வருஷமாக அவருக்குக் குடலிறக்கம். பைக்குள்ளிருந்தபடி அந்தக் கை அடிவயிற்றைத் தாங்கிப் பிடித்திருந்ததால்தான் அவரால் நாலெட்டு நடக்க முடிந்தது. மேலதிகாரி முன்னால் பைக்குள் கைவிட்டு நின்றதற்காக இயக்குநர் அவருக்கு இதுவரை இரண்டு மெமோ கொடுத்திருந்தார்.

"யக்கா, ரெண்டா எடுத்துக்கிடுங்க. ஒண்ணு வயித்துல இருக்க பேரப்புள்ளைக்கு."

"அது லட்டு கேட்டுச்சாக்கும்," என்றாள் இசக்கியம்மாள். எடுத்துக்கொண்டாள். ஆனால் தின்னவில்லை. அவள் முன்னால் மகளின் கிருமி வளர்ந்த கண்ணாடித் தட்டு இருந்தது.

தென்மண்டல நுண்ணுயிர்ச் சான்றகத்தில் அவள் முப்பத்தொரு வருஷமாகத் தட்டு பார்க்கிறாள். ஒன்பது வருஷத்துக்கு முன்னால், கத்தி பட்ட இடமெல்லாம் சீழ் வைத்து ஜனங்கள் கொத்துக்கொத்தாகச் செத்தபோது ஒரு சட்டம் வந்தது. யார் உடம்பில் கத்தி வைப்பதானாலும் முதலில் அவர் தோலில் குடியிருக்கும் கிருமியைச் சான்றகத்துக்கு அனுப்ப வேண்டும். கைவசமுள்ள பன்னிரண்டு மருந்தில் ஒன்றுக்காவது அது சாகும் என்றால் சான்றிதழில் 'எஸ்'. ஒன்றுக்கும் சாகாது என்றால் 'ஆர்'. ஆர்க்காரர் மேல் கத்தி வைத்த டாக்டருக்குக் கொலை வழக்கு.

அதன்பின் ஊர் இரண்டாகப் பிரிந்தது. கல்யாண விளம்பரங்களில் ஜாதி, நட்சத்திரத்துக்கு முன்னால் 'எஸ் குடும்பம்' என்று போட்டார்கள். சவரக் கத்திகள் காட்சிசாலைக்குப் போயின. பள்ளிக்கூட மைதானங்களில் பிள்ளைகள் ஓடக்கூடாது என்று பலகை வைத்தார்கள். ஒன்பது வருஷமாகத் தெற்குச் சீமையில் ஒரு குழந்தைக்கும் காது குத்தவில்லை.

எஸ்ஸா ஆரா என்று சொல்லும் வேலை ரொம்ப எளிது. தட்டில் கிருமியைப் புல்தரை மாதிரி விரவி வளர்ப்பார்கள். அதன்மேல் மருந்தில் தோய்த்த குட்டிக் காகித வட்டங்களை வைப்பார்கள். புத்தகத்தில் அதற்கு டிஸ்க் என்று பெயர், இசக்கியம்மாளுக்குப் பொட்டு. மறுநாள் பார்த்தால், வேலை செய்கிற மருந்தின் பொட்டைச் சுற்றி, நிலாவைச் சுற்றிக் கோட்டை கட்டினாற்போல, கிருமி வளராத ஒரு வட்டம் விழுந்திருக்கும். இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம்வரை அந்த வட்டத்தை அளக்க வேண்டும். பொட்டும் அதற்குள் அடக்கம்.

முதலில் இருபத்தொரு மில்லிமீட்டர் இருந்தால்தான் எஸ். கோட்டைகள் சுருங்கச் சுருங்க ஆர்க்காரர்கள் பெருகினார்கள். பெருகப் பெருக ஆட்சிக்குக் கெட்ட பெயர். கிருமியைத் திருத்த முடியாது என்பதால் தேர்ச்சி மதிப்பெண்ணைத் திருத்த ஒரு கமிட்டி போட்டார்கள். ஓய்வுபெற்ற நீதிபதி, பொருளாதார வல்லுநர், ஒரு கவிஞர், இன்னும் ஆறு பெரியவர்கள். யாரும் தட்டைக் கண்ணால் பார்த்ததில்லை என்பதால் நடுநிலை தவறாமல் இருந்தார்கள். பதினெட்டு, பதினைந்து, பன்னிரண்டு, ஒன்பது என்று வருஷத்துக்கு மூன்றாகக் குறைத்துக்கொண்டு வந்தார்கள். இன்றைக்கு 'வாகை' என்ற புது மருந்தை வெளியிட்டார்கள். அந்த மேடையிலேயே இந்த வருஷத்து அளவையும் அறிவித்தார்கள். ஆறு.

இசக்கியம்மாள் மகளின் தட்டைக் கறுப்புத் துணிமேல் வைத்து, விளக்கைச் சாய்த்துப் பார்த்தாள். கிருமி பொட்டின் ஓரம்வரை வந்து, ஓரத்தில் ஏறி உட்கார்ந்திருந்தது. வெளியீட்டுக்கு முன்பே வந்திருந்த வாகைப் பொட்டிலும் அப்படியே. கோட்டை இல்லை. கோட்டையின் சாயல்கூட இல்லை. ஆனாலும் வழக்கத்தை விடாமல் எஃகு அளவுகோலை வைத்தாள்.

ஆறு மில்லிமீட்டர்.

காகிதப் பொட்டின் அகலம் ஆறு மில்லிமீட்டர்.

கைப்பேசி அடித்தது. மகள் உலகம்மை. எட்டு மாதம் முடிந்து ஒன்பதில் நிற்கிறாள், புருஷன் கப்பலில். நஞ்சுக்கொடி கீழே இறங்கிக் கருப்பை வாயை அடைத்துக்கொண்டு கிடந்தது. வலி எடுத்தால் ரத்தம் நிற்காது; தாயும் மிஞ்சாது, பிள்ளையும் மிஞ்சாது. வலி எடுக்குமுன் வயிற்றைக் கீறி எடுத்தால்தான் உண்டு. போன மாதம் அவளுக்கு வந்தது ஆர். இந்த முறை எஸ் வந்தால் வியாழக்கிழமை கீறுவதாக ஏற்பாடு.

"யம்மா, டிவில சொல்லுதாவல்லா. எனக்கு எத்தன?"

"ஆறு."

"ஆறுன்னா பாசுதான?"

இசக்கியம்மாள் தட்டைப் பார்த்தாள்.

"ஏம்மா, பாசுதான?"

"பாசுதாம்ளா," என்றாள்.

மறுமுனையில் மகள் அழுகிற சத்தம் கேட்டது. சந்தோஷத்தில் அழுகிறாள். அது முடிகிறவரை இவள் கைப்பேசியைக் காதில் வைத்திருந்தாள்.

*

இயக்குநர் டாக்டர் கமலக்கண்ணன் பெயருக்குப் பின்னால் பதினொரு எழுத்துகள் இருந்தன. கதவில் இடம் போதாததால் இரண்டாவது பலகை தொங்கியது. தட்டுகள் இருக்கும் அறைக்கு அவர் கடைசியாக வந்தது திறப்பு விழாவன்று. அந்த வாடை தலைவலி கொடுக்கும் என்பார். தான் கொள்கைப் பக்கம் என்பார்.

"சார், ஆறுங்கறது காகிதத்தோட அகலம்," என்றாள் இசக்கியம்மாள். "மருந்தே தொடாத வெத்துப் பொட்ட வச்சாலும் ஆறுதான் வரும். இனிமே ஆர்னு ஒருத்தரும் வர முடியாது சார்."

"அதுதானேம்மா நோக்கமே."

"கெட்ட கிருமியும் எஸ்தான் வரும்."

"கிருமில நல்லது கெட்டது பாக்குற காலம் போயிடுச்சு. உட்காருங்க." அவள் உட்காரவில்லை. அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "உங்களுக்கு ஒண்ணு தெரியுமா? கமிட்டில அஞ்சுன்னு போட்டாங்க. எழுந்து நின்னு சண்டை போட்டது நான். ஆறுக்குக் கீழ போறது விஞ்ஞானத்துக்குச் செய்யுற துரோகம்னு சொன்னேன். கை தட்டினாங்க."

"அஞ்சுன்னு அளக்கவே முடியாதே சார். பொட்டே ஆறு."

"அதான் சொல்றேன். போராடித்தான் வாங்கியிருக்கேன்."

இவருக்கு நிஜமாகவே தெரியாதா, இல்லை தெரிந்துதான் பேசுகிறாரா என்று அவளால் கண்டுபிடிக்க முடியவில்லை. முப்பத்தொரு வருஷம் கிருமியைப் பார்த்த கண்ணுக்கு அந்த முகத்தில் ஒன்றும் பிடிபடவில்லை.

"நோட்டு எழுதித் தாரேன் சார். மேல அனுப்புங்க."

"தாராளமா. நோட் வந்தா நான் ஆணையை நிறுத்தி வைக்கணும். விதி அப்படி. விசாரணை முடிய மூணு மாசம்." கண்ணாடியை மாட்டிக்கொண்டார். "உங்க பொண்ணுக்கு ஆபரேஷன் எப்போ சொன்னீங்க? வர்ற வியாழனா?"

அவளுக்கு அவர் முகம் அப்போது பிடிபட்டது.

அன்றைக்கு ஆர்க்காரர்களின் நானூற்றுப் பன்னிரண்டு தட்டு மறுபடி பார்த்தாள். நானூற்றுப் பன்னிரண்டும் ஆறு. நானூற்றுப் பன்னிரண்டிலும் எஸ் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள். இருநூற்றுச் சொச்சத்தில் மாசானத்தின் தட்டு வந்தது. மகளுடையதைக் கடைசியில் வைத்திருந்தாள். ஏன் கடைசியில் என்று கேட்டால் அவளுக்குச் சொல்லத் தெரியாது.

*

மறுநாள் மாசானம் சான்றிதழை உறையிலிருந்து எடுப்பதும் பார்ப்பதும் திரும்ப உறையில் போடுவதுமாக இருந்தார்.

"யக்கா, நாளைக்கே போயி அறுத்துரலாம்னு இருக்கேன்."

"அவ்வளவு அவசரமா? ஒம்பது வருசம் தாங்கியாச்சு. இன்னும் ஒரு வாரம் தாங்காதா?"

"அடுத்த வாரம் கரிநாளு வருதுக்கா. பொன் கெடச்சாலும் புதன் கெடைக்காதும்பாவ. நாளைக்குப் புதன்."

"வியாழன் கழிச்சுப் போங்க மாசானம்."

"அது ஏன் வியாழன்?"

ஏன் என்று சொல்ல ஒரு வரி போதும். அந்த வரி தொண்டைவரை வந்தது. ஆனால் மாசானத்திடம் பத்து மணிக்குச் சொன்னது பதினொன்றுக்கு ஜங்ஷனில் பேச்சாகும். பன்னிரண்டுக்கு அம்பாசமுத்திரம் போய்விடும். வியாழக்கிழமை எந்த டாக்டரும் கத்தியைத் தொட மாட்டார்.

"சும்மாத்தான் சொன்னேன். வெள்ளிக்கிழமை நல்ல நாளு."

"வெள்ளிக்கிழமை போயி குடல உள்ள தள்ளுவாகளாக்கா? மகாலெட்சுமி வெளிய போயிருவா," என்று சிரித்தார். "நீங்க கையெழுத்துப் போட்டபெறவு எனக்கு எந்தக் கிழமையா இருந்தா என்ன? நம்பலாம்லா?"

இடது கை பைக்குள் இருக்க, வலது கையால் சான்றிதழை நீட்டிக் காட்டினார். அவளுடைய பெயர் நீல மையில் தெளிவாக இருந்தது.

"போயிட்டு வாங்க," என்றாள்.

*

டாக்டர் ஜெபக்கனி பேறுகால ஆஸ்பத்திரியில் தலைமை அறுவை மருத்துவர். இருபத்தெட்டு வருஷத்தில் மூவாயிரம் வயிறு கீறியவர். கடைசி ஒன்பது வருஷத்தில் கீறியது நூற்று நாற்பது. புதன்கிழமை மதியம் இசக்கியம்மாள் சான்றிதழை அவர் மேஜைமேல் வைத்தாள்.

"நீங்களே பாத்தீங்களாக்கா?"

"நாந்தான் பாத்தேன் டாக்டர்."

"மத்தவங்க கையெழுத்துன்னா நான் ரெண்டு தடவை யோசிப்பேன். உங்க கையெழுத்துக்கு யோசிக்கிறதில்ல. எட்டரைய ஒம்பதுன்னு எழுதாத ஆளு தெக்க நீங்க ஒருத்தர்தான்." காகிதத்தைப் புரட்டினார். "எத்தன வந்துச்சு?"

"ஆறு."

டாக்டர் நிமிர்ந்து அவளைப் பார்த்தார். இசக்கியம்மாள் மேஜைமேல் இருந்த பேனா மூடியைப் பார்த்தாள்.

"சரி," என்றார் டாக்டர். "காலைல ஏழு மணி. வெறும் வயித்துல வரச் சொல்லுங்க."

வியாழன் ஏழே முக்காலுக்குப் பெண் குழந்தை பிறந்தது. இரண்டே முக்கால் கிலோ. உலகம்மையின் கையில் வாகை சொட்டுச் சொட்டாக ஏறியது. இசக்கியம்மாள் கட்டிலருகே அமர்ந்து, ஒவ்வொரு மணி நேரமும் மகளின் நெற்றியைத் தொட்டாள். மகளுக்கு எரிச்சலாக இருந்தது.

"தொட்டுத் தொட்டே காய்ச்சல வரவச்சிருவ போல. பிள்ளயப் பாரும்மா."

வெள்ளி கழிந்தது. சனி கழிந்தது. நெற்றி குளிர்ந்தே இருந்தது.

*

சனிக்கிழமை சாயங்காலம் பக்கத்துக் கட்டடத்தில், புதனன்று அறுவை முடிந்திருந்த மாசானத்தைப் பார்க்கப் போனாள். மாசானம் மல்லாந்து படுத்திருந்தார். முகம் சிவந்திருந்தது. இரண்டு கைகளும் போர்வைக்கு மேலே கிடந்தன.

"பாத்தியளா, ரெண்டு கையும் வெளிய. இனிமே ஒரு பய மெமோ தர முடியாது."

நெற்றியைத் தொட்டாள். தோசைக்கல்லாகச் சுட்டது.

"லேசாக் காய்ச்சல். அதான் வாகை ஏத்துதாவல்லா, கேட்டுரும்." அவள் கையைப் பிடித்துக்கொண்டார். "நீங்கதான கையெழுத்துப் போட்டிருக்கிய."

"ஆமா," என்றாள். அதற்குமேல் வாய் திறந்திருந்தால் மன்னிப்புக் கேட்டிருப்பாள். எதற்கென்று அவர் கேட்டிருப்பார்.

செவ்வாய்க்கிழமை விடியுமுன் மாசானம் செத்துப்போனார். இறப்புச் சான்றிதழில் இதயம் நின்றதால் என்று எழுதினார்கள். கிருமியால் என்று எழுத முடியாது. கிருமி மருந்துக்குச் சாகக்கூடியது என்று இசக்கியம்மாள் எழுதிக் கொடுத்திருந்தாள். அந்த மாதம் முழுக்க ஜில்லாவில் ஏராளமான இதயங்கள் நின்றன. பல் பிடுங்கப் போனவர், மரு எடுக்கப் போனவர், ஒன்பது வருஷமாகக் கண்புரையோடு தட்டுத்தடுமாறிக்கொண்டாவது உயிரோடிருந்தவர். மருந்துக்கு மசியாத கிருமியால் செத்தவர்கள் கணக்கில் பூஜ்யம் என்று மேலிடம் பெருமையோடு அறிவித்தது.

உலகம்மை பிள்ளையோடு வீடு திரும்பும் நாளில் டாக்டர் ஜெபக்கனி வாசல்வரை வந்தார். மகள் வண்டியில் ஏறியதும் இசக்கியம்மாளின் பக்கம் திரும்பினார்.

"அக்கா, அன்னைக்கு ஆறுன்னு சொன்னீங்கள்ல."

இசக்கியம்மாள் வண்டியைத் திரும்பிப் பார்த்தாள்.

"எம்.பி.பி.எஸ். ரெண்டாம் வருசத்துல நானும் பொட்டு வச்சிருக்கேன். அது எத்தன மில்லின்னு எனக்கும் தெரியும்." சத்தமில்லாமல் சொன்னார். "நீங்க வாயத் திறந்திருந்தா நான் கத்தி வச்சிருக்க முடியாது. நான் கேட்டிருந்தா நீங்க பொய் சொல்லியிருக்கணும். அதான் கேக்கல."

"அப்ப வாகை..."

"வாகையாவது ஒண்ணாவது. பத்துப் பேரக் கீறினா நாலு பேருக்குக் காய்ச்சல் வராது. எந்த மருந்தும் இல்லாத காலத்துலயும் அப்படித்தான். உங்க பொண்ணு அந்த நாலுல ஒண்ணு. போங்க, வெயில் ஏறுது."

*

வீட்டு முக்கில் பெரிய விளம்பரத் தட்டி வைத்திருந்தார்கள். அதில் பிள்ளையை ஏந்தி உலகம்மை சிரித்துக்கொண்டிருந்தாள். கீழே, 'பரிசோதித்தவரின் மகளே சாட்சி. வாகை வென்றது' என்று எழுதியிருந்தது. ஓரத்தில் டாக்டர் கமலக்கண்ணன், பதினொரு எழுத்துகளுடன்.

"சாரு ஃபோன்ல கேட்டாரும்மா, போட்டோ அனுப்பினேன். நல்லாருக்கா?" என்றாள் மகள்.

நல்லாத்தான் இருந்தது. அதைப் பார்த்துவிட்டுத்தான் சான்றகத்துக்கு எதிரேயிருந்த கல்யாண மண்டபத்தில் காதுகுத்துக்கு இடம் பிடிக்க அடிதடியானது. ஒன்பது வருஷத்துப் பிள்ளைகள் காத்திருந்தார்கள். ஒரே நாளில் முப்பது, நாற்பது குழந்தைகள். மைக்கில் தாய்மாமன்களைப் பெயர் சொல்லி மேடைக்குக் கூப்பிட்டார்கள்.

மகள் வீடு திரும்பிய அன்றைக்கே இசக்கியம்மாள் நோட்டு எழுதினாள். ஒரே பக்கம், நீல மையில். ஆறு மில்லிமீட்டர் என்பது மருந்து இல்லாத காகிதத்தின் அளவு. இதை நான் முதல் நாளே அறிவேன். என் மகளுக்காகச் சொல்லாமல் இருந்தேன். மாசானம் உட்பட நான் கையெழுத்திட்டவர்களின் சாவுக்கு நான் பொறுப்பு. உடனே நிறுத்தவும்.

இயக்குநர் நின்றபடியே முழுதும் படித்தார்.

"உணர்ச்சிவசப்படாம எழுதியிருக்கலாம். சரி, வச்சுட்டுப் போங்க. நடவடிக்கை எடுப்பாங்க."

"நோட்டு வந்தா ஆணைய நிறுத்தணும்னு சொன்னீங்க சார்."

"பயன் அடையாதவங்க கொடுத்தா நிறுத்தணும். நீங்க பயனாளிம்மா. உங்க மகதான் நமக்கு இருக்குற ஒரே ஆதாரம்."

பத்து நாள் பொறுத்தாள். பதினோராம் நாள் எழுத்தர் பிரிவுக்குப் போனாள். மாசானம் உட்காரும் நாற்காலியில் தபால் பைகள் கிடந்தன. எழுத்தர் மந்திரமூர்த்தி நிமிராமலே பதில் சொன்னான்.

"நடவடிக்கை எடுத்தாச்சேக்கா. இப்பந்தான்."

"என்ன எடுத்தாவ?"

"ஃபைல்ல கோத்தாச்சு." எடுத்துக் காட்டினான். அவளுடைய நோட்டின் இடது ஓரத்தில் இரண்டு ஓட்டை. ஓட்டை வழியே சிவப்பு நாடா. மேலே ஒரு வரி குறிப்புகூட இல்லை. ஓட்டை போட்டதுதான் நடவடிக்கை.

மேஜையில் ஓட்டை போடும் இரும்புக் கருவி இருந்தது. இசக்கியம்மாள் அதன் அடித்தட்டைக் கழற்றினாள். வெள்ளை வட்டங்களுக்கு நடுவே இரண்டில் மட்டும் நீலக் கீற்று இருந்தது; அவளுடைய எழுத்து. அவற்றை எடுத்து உள்ளங்கையில் வைத்துக்கொண்டாள்.

"அத எதுக்குக்கா?"

"வேலைக்கு."

மாசானத்தின் கிருமியை அவள் குளிர்பெட்டியில் பத்திரமாக வைத்திருந்தாள். புதுத் தட்டில் அதை விரவினாள். இடுக்கியால் இரண்டு பொட்டையும் எடுத்து மேலே வைத்து மெல்ல அழுத்தினாள்.

மறுநாள் காலையில் கறுப்புத் துணியை விரித்தாள். விளக்கைச் சாய்த்தாள். கிருமி எழுத்தின் ஓரம்வரை வந்து ஏறி உட்கார்ந்திருந்தது. எஃகு அளவுகோலை வைத்தாள். ஒரு பொட்டு ஆறு. இன்னொன்றும் ஆறு.

சான்றிதழ்ப் படிவத்தில் நோயாளி பெயர் என்ற இடத்தில் மாசானம் என்று எழுதினாள். மருந்தின் பெயர் என்ற இடத்தில் நோட்டு என்று எழுதினாள். முடிவு: எஸ். தெற்குச் சீமையில் டாக்டர்கள் மதிக்கும் அந்தக் கையெழுத்தைப் போட்டு, அன்றைய கட்டின் நடுவே செருகி இயக்குநர் அறைக்கு அனுப்பினாள். யாராவது ஒருவர் கத்துவார் என்று காத்திருந்தாள்.

எதிரே மண்டபத்தில் மைக்கில் அடுத்த தாய்மாமனைக் கூப்பிட்டார்கள். தொடர்ந்து ஒரு குழந்தை வீறிட்டது. நாதஸ்வரம் அதை அமுக்கியது.

மூன்றே முக்காலுக்குக் கட்டு திரும்பி வந்தது. எல்லாத் தாளிலும் ஊதா முத்திரை. நடுவில் இருந்ததிலும். ஏற்கப்பட்டது.